தண்டப்பணம் வேறு, நட்டஈடு வேறு: வெட்டுப்பட்டவர் கையில் காசு எப்படி வருகிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மேல் நீதிமன்றத்தில் ஒரு கத்திக்குத்து வழக்குக்குத் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வருடக் கடூழியச் சிறை. 25,000 ரூபாய் தண்டப்பணம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதச் சிறை. பாதிக்கப்பட்டவருக்கு 3 இலட்சம் ரூபாய் நட்டஈடு, அதைக் கட்டத் தவறினால் மேலும் ஒரு வருடச் சிறை. வெளியே வந்ததும் குடும்பத்தார் இரண்டையும் கூட்டி, மூன்றேகால் இலட்சம் வரப்போகிறது என்று நினைப்பார்கள். வராது. அந்த 25,000 அரசாங்கத்துக்குப் போகிற காசு. காயப்பட்டவருக்கு உரியது 3 இலட்சம் மட்டும்தான், அதுவும் குற்றவாளி கட்டினால்தான். "என்னிடம் காசு இல்லை, உள்ளேயே இருந்துவிடுகிறேன்" என்று அவர் அந்த ஒரு வருடத்தையும் சேர்த்து இருந்துவிட்டால், ஒரு சதமும் கைக்கு வராமலே வழக்கு முடிந்துபோகலாம்.

அரச நட்டஈடு என்ற எண்ணம் பிறந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். அடித்தவனிடம் காசு இல்லை, அல்லது ஆள் யாரென்றே தெரியவில்லை, அல்லது வழக்கு பத்து வருடம் இழுபடுகிறது. அதுவரை காயப்பட்டவரின் வீட்டில் அடுப்பு எரியவேண்டாமா? இதற்காக அரசே ஒரு நிதியம் வைத்துக் கொடுக்கும் திட்டத்தை முதலில் சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து. அது 1963 இல். அடுத்த வருடம் பிரித்தானியாவும் தொடங்கியது. 1985 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, குற்றவாளியிடமிருந்து முழு நட்டஈடு கிடைக்காதபோது அரசுகள் கொடுக்க முயலவேண்டும் என்று பிரகடனம் செய்தது.

இலங்கைக்கு அது வந்து சேர மேலும் 30 வருடம் எடுத்தது. குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கமாக நிறைவேறியது. அதை நீக்கிவிட்டு இப்போது நடைமுறையில் இருப்பது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். பழைய சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் இன்னும் அலுவலகங்களில் கிடக்கின்றன. அவற்றில் உள்ள பிரிவு இலக்கங்களையும் தொகைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள்.

நாலு கதவு, நாலு திறப்பு

நட்டஈடு என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோமே தவிர, அது வரும் வழிகள் வேறு வேறு. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் அலைவதில்தான் பாதி நாள் போகிறது.

முதலாவது, குற்றவாளி கொடுப்பது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17(4) பிரிவு, எந்தக் குற்றத்திலும் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தவணை முறையிலும் கட்டச் சொல்லலாம். பாலியல் வல்லுறவு வழக்கில் இது நீதிபதியின் விருப்பமே இல்லை. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் செய்த திருத்தத்தின்படி, சிறைத் தண்டனையோடு நட்டஈடும் கட்டாயம் விதிக்கப்படவேண்டும். கட்டாவிட்டால் 2 வருடம் வரை மேலதிகச் சிறை.

இரண்டாவது, அரச நிதியம். மேலே சொன்ன சட்டத்தின் கீழ் உருவான, குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான தேசிய அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்கவேண்டிய பணம் இது. காப்புறுதிப் பணம்போலக் கணக்குப் பார்த்து நேரே வந்துவிடாது. விண்ணப்பத்தையும் சான்றுகளையும் பார்த்து, கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்று அதிகாரசபை தீர்மானிக்கிறது. அடிபட்டவர் மட்டுமன்றி அவரை நம்பியிருந்த குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் வருவார்கள் என்பதை மறக்கக்கூடாது. கொலையில் இறந்தவரின் மனைவி மக்கள் கேட்பது இந்த அடிப்படையில்தான்.

மூன்றாவது கதவு, அடித்தது பொலிஸோ படையோ அரச உத்தியோகத்தரோ என்றால். அதற்கு அடிப்படை உரிமை மீறல் மனு, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ், கொழும்பில் உயர் நீதிமன்றத்தில். காலம் ஒரே ஒரு மாதம். மட்டக்களப்பிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பில் மனுப் போடுவது எத்தனை பேரால் முடியும்? அதனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

நாலாவது, மாவட்ட நீதிமன்றத்தில் சொந்தமாகப் போடும் நட்டஈட்டு வழக்கு. 2 வருடத்துக்குள் போடவேண்டும். குற்றவியல் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தே இந்தக் கதவை மூடிக்கொள்பவர்கள்தான் அதிகம். அடித்தவருக்குக் காணியோ கடையோ வாகனமோ இருந்தால் இதைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் முதல் வருடத்திலேயே கேட்டுவிடுங்கள். எதுவுமே இல்லாதவர்மீது வழக்குப் போட்டுச் செலவழிப்பதில் பயனில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு 10 இலட்சம் ரூபாய் வீதம் கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "அப்படியே எங்களுக்கும் வருமா?" என்று தனிப்பட்ட சண்டையில் வெட்டுப்பட்டவரின் வீட்டாரும் கேட்கிறார்கள். யுத்தம், கலவரம், குண்டுவெடிப்பு, வலிந்து காணாமலாக்கப்படுதல் போன்றவற்றுக்கு 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கிறது. 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னபோதும், அந்தப் பணத்துக்கான நிதியம் அந்த அலுவலகத்தில்தான் வைக்கப்பட்டது. வேலித் தகராறில் வெட்டுப்பட்டவரின் கடிதத்தை அங்கே அனுப்பினால் திரும்பித்தான் வரும். யானை அடித்தால் வனஜீவராசிகள் திணைக்களம், வாகனம் மோதினால் காப்புறுதிக் கம்பனி. அவையும் வேறு கணக்கு.

எல்லாம் தங்கியிருப்பது முதல் மூன்று நாளில்

எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காயம் குற்றத்தால் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்த அத்தாட்சி பெரும்பாலும் முதல் மூன்று நாளில் உருவாகிறது, அல்லது உருவாகாமலே போகிறது.

வெட்டுப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அனுமதிக்கும் இடத்தில் "என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். பொலிஸ் கரைச்சல் வேண்டாம், ஊருக்குள் பகை வேண்டாம், சொந்தக்காரன்தானே என்று நினைத்து, கூட வந்தவர் "விழுந்திட்டார்" என்கிறார். அது அப்படியே கட்டில் சீட்டில், அதாவது ஆஸ்பத்திரியின் நோயாளி பதிவில், எழுதப்படுகிறது. இரண்டு நாள் கழித்து மனம் மாறிப் பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொன்னாலும், மூன்று வருடத்துக்குப் பிறகு எதிரிச் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஒற்றைச் சொல்லைத்தான். வீட்டுக்குள் நடந்த வன்முறையில் இது இன்னும் அடிக்கடி நடக்கிறது. கதவில் மோதினேன், கிணற்றடியில் சறுக்கினேன் என்று எழுதப்பட்ட சீட்டுகளுக்குக் கணக்கே இல்லை. யார் அடித்தது என்று சொல்ல அந்த நேரத்தில் பயமாக இருந்தால் பெயரைச் சொல்லாமல் விடலாம். அடிபட்டது என்பதையாவது சொல்லிவிடவேண்டும்.

அடுத்தது சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம். பொலிஸ் கொடுக்கும் இந்தப் படிவத்தைச் சட்ட வைத்திய அதிகாரியோ பரிசோதிக்கும் வைத்தியரோ நிரப்புவார். காயம் எங்கே, எத்தனை சென்ரிமீற்றர் நீளம், எந்த மாதிரி ஆயுதம், சாதாரண காயமா கடுங்காயமா என்று அதில் வரும். கடுங்காயம் என்றால் உயிர் ஊசலாடவேண்டும் என்பதில்லை. எலும்பு முறிந்தாலும், பல் உடைந்தாலும், முகத்தில் மாறாத வடு விழுந்தாலும், 20 நாள் வழமையான வேலை செய்ய முடியாமல் போனாலும் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவின்படி கடுங்காயம்தான். தனியார் வைத்தியரிடம் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு இந்தப் படிவம் இருக்காது. ஒரு கிழமை கழித்துப் போனால் கண்டல் மறைந்திருக்கும், வெட்டு ஆறத் தொடங்கியிருக்கும்.

படிவம் நிரப்பிய அன்று தெரியாத பாதிப்புகளும் உண்டு. கை நரம்பு வெட்டுப்பட்டது அன்று தையலாகத்தான் தெரியும். விரல் மடங்காது என்பது மூன்று மாதம் போனபின்தான் தெரியும். காயம் ஆறியபின் மறுபடி பரிசோதித்து, நிரந்தர இயலாமை பற்றி எழுதித் தரும்படி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கோப்பில் தையல் மட்டும்தான் இருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழி. ஆனால் அம்பாறை நகரம், உகண போன்ற பக்கங்களிலும், சில வேளை மட்டக்களப்பிலும், எழுதுபவருக்குத் தமிழ் எழுத வராமல் சிங்களத்தில் எழுதிவிடுவது நடக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைக் கேட்பது உங்கள் உரிமை. முறைப்பாட்டின் பிரதியை வாங்குங்கள். முடியாவிட்டால் நிலையத்தின் பெயர், திகதி, முறைப்பாட்டு இலக்கம், பக்க இலக்கம் இவ்வளவையாவது கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது?

ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லையே, பிறகு எதைக் காட்டி நட்டஈடு கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பது உண்மைதான். நட்டம் கிடப்பது வேறு இடத்தில்.

வாகரையில் ஒரு மேசன், நாட்கூலி 3,000 ரூபாய். வலது கையில் வெட்டு. ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை. கிழமைக்கு 6 நாள் என்றால் 36 நாள், 1,08,000 ரூபாய். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு 8 தடவை, துணைக்கு ஒருவர். ஆளுக்குப் போகவர 600 ரூபாய் என்று பிடித்தால் 9,600. வெளியே எடுத்த ஸ்கேன், மருந்து 15,000. மொத்தம் 1,32,600. இதோடு முடித்துக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் இரண்டு விரல் இறுக்கிப் பிடிக்காததால் அவர் இனி மேசன் வேலை செய்ய முடியாது, கையாளாக 2,200 ரூபாய்க்குத்தான் போகலாம் என்றால்? நாளுக்கு 800 நட்டம், மாதம் 25 நாள் வேலை, வருடத்துக்கு 2,40,000. முதற்கணக்கை ஒரே வருடத்தில் தாண்டிவிட்டது. மேலே சொன்ன இரண்டாவது வைத்தியச் சான்று ஏன் முக்கியம் என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும். (இது விளங்குவதற்காகப் போட்ட கணக்கு. இவ்வளவும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்பதற்குக் காரணம் காட்டத்தான் இது.)

சம்பளச் சீட்டு இல்லாதவர் வருமானத்தை எப்படிக் காட்டுவது? கடலுக்குப் போகிறவர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் வாங்கலாம். வயல் வேலைக்குப் போகிறவர் வயல் சொந்தக்காரரான போடியாரிடம், மேசனும் தச்சனும் கடைசியாக வேலை செய்த ஒப்பந்தக்காரரிடம். அதோடு கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல். "கஷ்டப்பட்ட குடும்பம்" என்று பொதுவாக எழுதிய கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. என்ன வேலை, நாளுக்கு எவ்வளவு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வேலைக்கு வரவில்லை என்று இருக்கவேண்டும்.

பற்றுச்சீட்டுகளைப் பற்றி ஒரு சிறிய விடயம், ஆனால் பலரைக் கவிழ்த்த விடயம். பாமசியிலும் பஸ்ஸிலும் தரும் வழவழப்பான சீட்டில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். நம்மூர் வெக்கையில் இன்னும் கெதியாக. வழக்கு முடிய மூன்று நாலு வருடம். வாங்கிய கிழமையே போட்டோக் கொப்பி எடுத்து, மூலச் சீட்டை அதோடு குத்தி வையுங்கள். பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்த சீட்டை நாலு வருடம் கழித்து எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

கேட்கவேண்டிய நேரம்

அதிகாரசபைக்கான விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். முறைப்பாட்டு விபரம், வழக்கு இலக்கம், வைத்தியச் சான்று, நோய் நிர்ணய அட்டை, செலவுக் கணக்கு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் உறவைக் காட்டும் விவாக, பிறப்புச் சான்றிதழ்களும். எல்லாம் பிரதிகள். மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவரக் கூடாது. பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நிரப்பத் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. "நான் கொழும்பில் ஆளைப் பிடித்து எடுத்துத் தருகிறேன், முற்பணம் தா" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நீதிமன்றத்தில் கேட்பதற்கு ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ந்தபின், தண்டனை அறிவிக்கும் முன். அந்த இடைவெளியில், இந்தக் குற்றம் தன் உடலை, மனதை, தொழிலை, வருமானத்தை எப்படிப் பாதித்தது என்று பாதிக்கப்பட்டவர் வாயாலோ எழுத்திலோ சொல்லலாம் என்பது 2015 ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் உள்ள உரிமை. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்குகளில் ஒப்புதலும் தண்டனையும் ஒரே நாளில் முடிந்துவிடும். கொலை வழக்கு கைமோசக் கொலையாகக் குறைக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்படும் நாளும் அப்படித்தான் வரும். அன்றைக்குக் கணக்குக் கையில் இல்லாவிட்டால் நீதிபதி தன் மனதுக்குப் பட்ட ஒரு தொகையைப் போடுவார். ஆகவே வழக்கின் முதல் தவணை நாளிலிருந்தே நட்டத்தை எழுதிய ஒரு பக்கக் கணக்கை ஒவ்வொரு தடவையும் கொண்டுபோகவேண்டும். அரச சட்டத்தரணியிடமோ, நீதவான் நீதிமன்றம் என்றால் வழக்கை நடத்தும் பொலிஸ் உத்தியோகத்தரிடமோ ஒரு பிரதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

வீட்டு வன்முறையில் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போதே அவசரப் பண உதவியும் கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, சிறுவர்களுக்கானது 1929.

சமாதானம் பேச வருகிறபோது

சின்னக் கைகலப்பு வழக்குகள் மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கே மனமொத்து ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வதில் பிழையில்லை. பல வேளைகளில் அதுதான் கெதியாகக் கைக்கு வரும் காசு. பாலியல் குற்றமோ கொலை முயற்சியோ என்றால் கதை வேறு. அங்கே கோயில் தலைவரும் பள்ளிவாசல் மரைக்காயரும் சேர்ந்து பேசி முடித்தாலும் வழக்கு முடியாது, அதை நடத்துவது அரசு. காசை வாங்கிக்கொண்டு "எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்தவர், பிறகு நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும்போது அந்தத் தாள் முன்னால் வந்து நிற்கும். ஏதும் வாங்கத்தான் வேண்டும் என்றால் நீதிமன்றத்தில், சட்டத்தரணி முன்னிலையில், எதற்கான பணம் என்று எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். வாங்காவிட்டால் பார்த்துக்கொள்வோம் என்று மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். அன்றே முறைப்பாடு செய்யலாம்.

நட்டஈடு கட்டளையான பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. மேன்முறையீடு போட்டால் அது முடியும்வரை காசு அசையாது. கட்டப்பட்டால் பணம் நீதிமன்றப் பதிவாளரிடம் வந்து சேரும், நீங்கள் போய்க் கையெழுத்து வைத்து எடுக்கவேண்டும். யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். வழக்கு நடக்கும்போது கல்யாணம் கட்டி ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போனவர், தொலைபேசி இலக்கம் மாற்றியவர், வெளிநாட்டுக்குப் போனவர், இவர்களுக்குப் பணம் வந்த செய்தியே போய்ச் சேராது. விலாசம் மாறினால் பதிவாளருக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் கொடுங்கள். தவணைக் கட்டளை என்றால் ஒவ்வொரு தவணைத் திகதிக்கும் விசாரியுங்கள். இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்திவிடுவது வழக்கமான விளையாட்டு, அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரவேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாகப் பேர். கட்டில் சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பொலிஸ் பதிவில் தகப்பன் பேர் முன்னால், அடையாள அட்டையில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். நான்கும் ஒரே ஆள்தான் என்று கருமபீடத்தில் இருப்பவர் ஏற்கமாட்டார். அடையாள அட்டையில் உள்ளபடியே பேரை எழுதும்படி ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் முதல் நாளே அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். ஏற்கனவே மாறிப்போயிருந்தால், நான்கு விதமாக எழுதிய பேரும் ஒரே ஆளுடையதே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு பதிவாளரிடம் போங்கள்.